விதி மாறினாலும் தாங்கும் கணக்கு

கடந்த பிப்ரவரியில், செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு மதியம், என் பழைய மாணவி ஒருத்தியின் தந்தை பள்ளிக்கு வந்தார். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். கையில் வங்கிக் கடிதம். "சார், மாசம் நாப்பத்திரண்டாயிரம் கட்டணும்னு போட்டிருக்கு. கணக்குல எங்கயாவது தப்பு இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான் வணிகவியல் ஆசிரியர். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கடன் 25 லட்சம் ரூபாய். வட்டி 11 சதவீதம். ஓராண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு தவணை விலக்கு. அந்த இரண்டு ஆண்டுக்கான தனிவட்டி ஐந்தரை லட்சம் அசலோடு சேர்ந்து 30.5 லட்சமாகிவிட்டது. அதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை 42,000 ரூபாய். வங்கிக் கணக்கில் தப்பில்லை.

தப்பு வேறிடத்தில் இருந்தது. அதில் எனக்கும் பங்குண்டு.

2023 ஜூலையில் அந்த மாணவி சான்றிதழ் நகல்களில் சான்றொப்பம் வாங்க வந்திருந்தாள். பி.காம். முடித்து, திருமணமாகி, இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருந்தது. முகவர் எழுதிக் கொடுத்த ஒரு தாளைக் காட்டினாள். படிக்கும்போது அவள் பகுதிநேர வேலை, உடன் வரும் கணவருக்கு முழுநேர வேலை, படிப்பு முடிந்து இரண்டாண்டு வேலை, பிறகு நிரந்தர வேலை விசா, மூன்றே ஆண்டில் கடன் முடிவு. எங்கள் பள்ளிப் பிள்ளை கடல் கடந்து படிக்கப் போகிறாள் என்ற மகிழ்ச்சியில் கையொப்பமிட்டு, வாழ்த்தி அனுப்பினேன். அந்தத் தாளில் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

உயர்கல்வி வழிகாட்டல் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு படிப்புக்குள் மாறிய விதிகள்

அவளுடைய வகுப்பு தொடங்கியது 2024 ஜனவரியில். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் பாட வகுப்புகளில், ஆராய்ச்சிப் படிப்பு மாணவர்களும் அரசு உதவித்தொகை பெறுபவர்களும் மட்டுமே குடும்பத்தினரை உடன் அழைத்து வரலாம் என்று பிரிட்டன் விதியை மாற்றியிருந்தது. இந்த அறிவிப்பு 2023 மே மாதமே வெளிவந்துவிட்டது. ஜூலையில் முன்பணம் கட்டியபோது அவர்கள் கையில் இருந்தது காலாவதியான கணக்கு. செப்டம்பரில் தொடங்கும் வகுப்பில் சேர்ந்திருந்தால் கணவரும் போயிருக்கலாம். நான்கு மாத வித்தியாசத்தில் கணக்கின் பாதி வருமானம் காணாமல் போனது. நவம்பரில் விசாவுக்குத் தாள்களைத் தயார் செய்யும்போதுதான் இது அவர்களுக்குத் தெரிந்தது. கட்டிய பணம் போய்விடுமே என்று அவள் தனியாகக் கிளம்பினாள்.

அடுத்தது வேலை விசா. அதற்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 பவுண்டாக இருந்தது, 2024 ஏப்ரல் 4 முதல் 38,700 பவுண்டானது. 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டு. படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்குச் சேரும் இளையோருக்கு வரம்பு குறைவுதான் என்றாலும், அதுவும் 20,960 பவுண்டிலிருந்து 30,960 ஆகி, பிறகு 33,400 ஆனது. அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே, அவள் ஏற வேண்டிய படி உயர்ந்துகொண்டே போனது.

இப்போது படிப்புக்குப் பிந்தைய இரண்டாண்டு விசாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். வாடகை, சாப்பாடு போக மாதம் இருபதாயிரம் ரூபாய் அனுப்புகிறாள். மீதியைத் தையல் இயந்திரம்தான் கட்டுகிறது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. அவள் நன்றாகத்தான் படித்தாள், தேர்ச்சியும் பெற்றாள். தோற்றது கணக்கு மட்டுமே.

மாற்றம் விதிவிலக்கு அல்ல

இதை ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. படிப்பு முடித்தபின் தங்கி வேலை தேடும் வசதியைப் பிரிட்டன் 2012இல் நிறுத்தியது. 2021 ஜூலையில் மீண்டும் கொண்டுவந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு இரண்டாண்டை 18 மாதமாகக் குறைக்கிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்றாண்டு தொடரும்.

கனடாவில், செலவுக்குக் கையில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டிய தொகை நெடுங்காலம் 10,000 கனடிய டாலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் 20,635; 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. மாணவர் அனுமதிகளின் எண்ணிக்கைக்கு 2024இல் உச்சவரம்பு வந்தது. இந்திய மாணவர்கள் பெரிதும் நம்பியிருந்த விரைவு விண்ணப்ப முறை 2024 நவம்பர் 8 அன்று நிறுத்தப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவுக்கான வயது வரம்பு, ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு 50இலிருந்து 35 ஆனது. சில ஆண்டுகள் ஆசிரியராகவோ செவிலியராகவோ வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்களை இது நேரடியாகத் தொடும்.

அமெரிக்கத் தூதரகங்கள் 2025 மே இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தன. ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பதாரர் தம் சமூக ஊடகப் பக்கங்களை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டது.

குடியேறுவோர் எண்ணிக்கை, வீட்டு வாடகை உயர்வு, தேர்தல் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் காரணம் இருக்கிறது. மாணவர்கள் தரும் கட்டணம் பல்கலைக்கழகத்துக்கு வேண்டும். வருவோர் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது அரசின் கணக்கு. இந்த இழுபறியில் விதி ஒருமுறை தளரும், ஒருமுறை இறுகும். நம் பிள்ளைகளின் திட்டம் இரண்டையும் தாங்க வேண்டும்.

எந்தத் தேதியின் விதி?

"விதி மாறிவிட்டதாமே, எனக்குப் பொருந்துமா?" என்று கேட்டு வரும் மாணவருக்கு நாம் முதலில் சொல்லித்தர வேண்டியது, ஒவ்வொரு விதியும் ஒரு தேதியோடு கட்டப்பட்டது என்பதை. அந்தத் தேதி மூன்று வகைப்படும்.

முதல் வகை, விண்ணப்பிக்கும் நாள். விசாக் கட்டணமும் வங்கி இருப்புத் தொகையும் அன்றைய விதிப்படிதான். இரண்டாம் வகை, வகுப்பு தொடங்கும் நாள். குடும்பத்தினர் பற்றிய பிரிட்டன் விதி இப்படிப்பட்டது. மூன்றாம் வகை, படிப்பு முடித்து அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாள். சேரும்போது இரண்டாண்டு என்று இருந்தாலும், முடித்து விண்ணப்பிக்கும் நாளில் 18 மாதம் என்றால் 18 மாதம்தான். சேர்ந்த நாளில் படித்த விளம்பரம் அங்கே செல்லாது.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். அறிவிப்பு வேறு, நடைமுறைக்கு வந்த விதி வேறு. அரசு ஒன்றைப் பரிசீலிப்பதாகச் சொன்னாலே நம் கைப்பேசிகளில் அது சட்டமாகிவிடுகிறது. "இது எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு?" என்ற இரண்டு கேள்விக்கும் அந்த நாட்டு அரசின் சொந்த இணையதளத்தில் விடை கிடைத்தால் மட்டுமே அது விதி. அந்தப் பக்கத்தை, பார்த்த தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்கிறேன். சேரும் முன்பும், முன்பணம் கட்டும் முன்பும், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பும் மீண்டும் பார்த்து ஒப்பிட வேண்டும்.

இரண்டு பத்தித் தாள்

இப்போது என்னிடம் வரும் எவருக்கும் ஒரு வெள்ளைத் தாளில் நடுக்கோடு போட்டுக் கொடுக்கிறேன். இடப்பக்கம், விதி மாறினாலும் மாறாதவை: படிப்பின் தரம், இங்கே அந்தப் பட்டத்துக்கு இருக்கும் மதிப்பு, குடும்பத்தின் சேமிப்பு, கடனுக்கான வட்டி. வலப்பக்கம், வேறொரு அரசின் கையில் இருப்பவை: பகுதிநேர வேலை நேரம், கணவன் அல்லது மனைவியின் வருமானம், படிப்புக்குப் பின் தங்கும் காலம், நிரந்தர வேலை விசா.

கடனை அடைக்கும் கணக்கை இடப்பக்கத்தை மட்டும் வைத்துப் போட வேண்டும். வலப்பக்கத்தில் கிடைப்பதெல்லாம் கூடுதல் லாபம். அது வந்தால் கடன் சீக்கிரம் முடியும். வராவிட்டாலும் வீடு தப்பும்.

இதற்கு ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறேன். 11 சதவீத வட்டி, படிப்புக் காலத்தோடு ஓராண்டு தவணை விலக்கு, பத்தாண்டுத் தவணை என்று கொண்டால், ஓராண்டுப் படிப்புக்கு ஒவ்வொரு லட்சம் கடனுக்கும் மாதம் சுமார் 1,680 ரூபாய் கட்ட வேண்டிவரும். இரண்டாண்டுப் படிப்புக்குச் சுமார் 1,830 ரூபாய். "படிப்பு முடிந்த மறுநாளே நீ திரும்பி வந்துவிட்டாய் என்று வைத்துக்கொள். இங்கே கிடைக்கும் முதல் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா?" என்று கேட்கிறேன். முடியும் என்றால் போகலாம். முடியாது என்றால் கடனைக் குறைக்க வேண்டும், அல்லது நாட்டை, படிப்பை, ஆண்டை மாற்ற வேண்டும்.

பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கின்றன. எனவே கடன் அந்த எல்லையைத் தாண்டும்போது அது மாணவரின் முடிவாக மட்டும் இருப்பதில்லை. பெற்றோர் இருவரையும் அழைத்து, பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் கணக்கைப் புரியவைப்பது நம்மால் முடிகிற உதவி.

செலவுப் பக்கத்தில் பலர் விட்டுவிடுபவை சில உண்டு. பிரிட்டனில் விசாக் கட்டணத்தோடு மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். 2025 நவம்பர் நிலவரப்படி, லண்டனில் படிப்போர் மாதம் 1,529 பவுண்டு, வெளியே படிப்போர் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவைக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் அது 10,539 பவுண்டு. சேமிப்பாக இருந்தால் அந்தப் பணம் 28 நாள் தொடர்ச்சியாகக் கணக்கில் இருக்க வேண்டும். "கணக்கில் காட்ட நாங்களே பணம் போட்டு எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்பவரிடமிருந்து மாணவரை விலக்கி வையுங்கள். பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் பத்தாண்டுவரை அந்த நாட்டு வாசல் மூடப்படும். விண்ணப்பத்தில் கையொப்பம் மாணவருடையது, தண்டனையும் அவருக்கே.

பகுதிநேர வேலைக்கும் எல்லை உண்டு. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், சுயதொழில் கூடாது. உணவு கொண்டுசேர்க்கும் வேலை பலவும் சுயதொழிலாகவே கருதப்படும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டு விதியும் உண்டு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மருத்துவம் படிக்க வெளிநாடு செல்வோர் இன்னொரு விதியையும் பார்க்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறையின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும்; அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும்; அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதி தர வேண்டும். நீட் தகுதியும் கட்டாயம். அந்த நாட்டு விசா கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் இங்கே மருத்துவராக முடியாது. இடம் வாங்கித் தருபவர் இதைச் சொல்ல மறக்கலாம். நாம் மறக்கக்கூடாது.

முதல் வகுப்பிலேயே தொடங்கும் வேலை

இதைப் படிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இதில் நமக்கென்ன?" என்று நினைக்கலாம். நான் பார்த்த சிக்கல்களில் பாதி, முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்கியவை.

நம் பிள்ளைகளுக்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டிலோ பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். மதிப்பெண் பட்டியலில் 'எம்' என்ற ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் 'முருகன்' என்று விரியும். ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒரு மாதிரி, பள்ளிப் பதிவில் வேறு மாதிரி. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் பின்னாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரம், ஓர் அலைச்சல், சில வாரத் தாமதம். விதி மாறும் காலத்தில் அந்தச் சில வாரமே ஒரு பருவத்தை இழக்க வைக்கும்.

சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, ஆங்கில எழுத்துக்கூட்டைப் பெற்றோரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, எமிஸில் அப்படியே பதிவதே தொடக்கப் பள்ளி ஆசிரியர் செய்யும் பெரிய உதவி. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். இன்னும் சில ஆண்டுகளில் நம் முதல் வகுப்புக்கு வரப்போகிறவர்கள் அவர்கள்தான். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் பெயர்ப் பட்டியலை அனுப்பும் முன் ஒவ்வொரு மாணவரையும் தம் பெயரைத் தாமே படித்துக் கையொப்பமிடச் செய்யலாம். சான்றிதழ் அச்சானபின் திருத்துவது கடினம்.

பதினெட்டு மாதத் திட்டம்

வகுப்பு தொடங்குவதற்குப் பதினெட்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் பாஸ்போர்ட், சான்றிதழ் ஒப்பீடு, ஆங்கிலப் பயிற்சி. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத் தேர்வுக்கு அஞ்ச வேண்டியதில்லை, நேரம்தான் வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டாண்டு செல்லும் என்பதால் முன்கூட்டியே எழுதலாம்.

அடுத்த ஆறு மாதம் உதவித்தொகையும் விண்ணப்பமும். உதவித்தொகைகளின் கடைசித் தேதி, பல்கலைக்கழகத் தேதிக்கு வெகு முன்பே வந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் அயல்நாட்டு முதுகலை, ஆராய்ச்சிப் படிப்புக்குத் தமிழ்நாடு அரசின் நலத்துறை உதவுகிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. பிரிட்டனின் செவனிங், ஜெர்மனியின் டாட், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவை முதுகலைக்கு உரியவை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் பள்ளி முடித்தவர்களுக்கும் இடமுண்டு. உதவித்தொகையோடு செல்பவருக்கு விதி மாற்றத்தின் அடி குறைவு. அவர் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும்.

கடைசி ஆறு மாதம் கடன், முன்பணம், விசா. முன்பணம் கட்டும் முன் முகவரிடம் எழுத்தில் பெற வேண்டிய விடைகள் நான்கு. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும்? எத்தனை நாளில்? அடுத்த பருவத்துக்கு மாற்றலாமா? இந்தச் சேர்க்கைக்குப் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தரகு தருகிறதா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் மேலும் பேச வேண்டியதில்லை.

விசா நேர்காணலுக்கு மனப்பாடம் உதவாது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், பணம் எங்கிருந்து, முடித்தபின் என்ன என்பவைதான் அங்கே கேட்கப்படுபவை. இரண்டு பத்தித் தாளை நேர்மையாக நிரப்பியவருக்கு நான்குக்கும் விடை கையிலேயே இருக்கும்.

மீண்டும் ஒரு தாள்

சென்ற ஆண்டு இயந்திரப் பொறியியல் முடித்த ஒரு மாணவன், 28 லட்சம் கடன் வாங்கும் திட்டத்தோடு வந்தான். ஓராண்டுப் படிப்பு. மாதம் சுமார் 47,000 ரூபாய் தவணை வரும். அப்போது கோவையில் அவன் வாங்கிய சம்பளம் 28,000. தாளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "அப்ப போகவே வேண்டாங்கறீங்களா சார்?" என்றான். "போகாதேன்னு சொல்லலை. இந்தக் கணக்கோட போகாதேன்னுதான் சொல்றேன்" என்றேன்.

அவன் வேலையை விடவில்லை. மாலையில் ஜெர்மன் மொழி படிக்கிறான். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் முதலாண்டுச் செலவுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட வேண்டும். இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். சேமிப்பு போகக் கடன் பத்து லட்சத்துக்குள் நிற்கும். தவணை 18,300 ரூபாய். நாளை ஜெர்மனியும் விதியை மாற்றலாம். அப்படி மாறி, அவன் திரும்பி வந்தாலும், கோவையில் இன்று வாங்கும் சம்பளத்திலேயே அவனால் கட்ட முடியும்.

தையல்காரரிடம் அன்று நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். அவரோடு வங்கிக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டிக் கேட்டோம். பத்தாண்டைப் பதினைந்தாக்கினால் தவணை சுமார் 34,700 ஆகும். மொத்த வட்டி கூடும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் அவர், "அன்னிக்கே உங்ககிட்ட கணக்கைக் காட்டினதா பொண்ணு சொல்லுச்சு சார்" என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. ஆனால் அதன்பின், என்னிடம் சான்றொப்பத்துக்கு வரும் எந்தத் தாளிலும், கணக்கைப் பார்க்காமல் நான் கையொப்பமிடுவதில்லை.